போன் வயர் போகும் சுவர்

மார்ச் 19, வியாழன்

ஈரப்பனி. காலை ஷிப்ட். இரண்டு கையுறை போட்டும் பயனில்லை.

பின்னேரம் வீட்டின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். சந்தேகப்பட்டது சரி. ரேடியேற்றர் இருக்கும் இடத்துக்கு நேரே வெளிச்சுவரில் மட்டும் பனி ஒட்டவில்லை. கை வைத்தேன். செங்கல் இளஞ்சூடு. டென்மார்க்கின் இந்த இக்காஸ்ட் ஊருக்கே குளிர்காயக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். உள்ளே என் மனிசி வசந்தி கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டபடி. எல்லா ரேடியேற்றர்க் குமிழும் ஐந்தில். குசினி ஜன்னல் ஆவென்று திறந்து கிடக்கிறது, பொரியல் மணம் போகவேண்டுமாம்.

சொன்னேன். கிடைத்த பதில்:

"தம்பியும் பிள்ளையளும் அங்கை சண்டைக்குள்ளை தறப்பாள் கூடாரத்துக்குக் கீழை கிடக்குதுகள். உங்களுக்கு ஹீற்றர் கவலை."

ஜன்னலை மூடினேன். திரும்பத் திறந்தாள்.

மார்ச் 20, வெள்ளி

வாங்கியவை: தகடு 4 (மெல்லிய நுரைப்பலகை, ஒரு பக்கம் வெள்ளித்தாள்; ரேடியேற்றர் சூடு சுவரால் வெளியே போகாமல் தடுக்க). பசை. வெட்டுக் கத்தி. உளுந்து மறந்துபோச்சு. மகள் மைதிலிக்குப் பல் வைத்தியர், 31 செவ்வாய்.

போர்மன் தேநீர் நேரத்தில் கேட்கிறான், "உங்கள் நாட்டில் இப்போது நல்ல வெயிலாக இருக்குமே?" ஓம், நல்ல வெயில். வேறென்ன சொல்ல.

மார்ச் 21, சனி

மூன்று அறை முடிந்தது. ரேடியேற்றருக்கும் சுவருக்கும் இடையில் தகட்டைச் செருகி ஒட்டுவது லேசு என்று பெட்டியில் படம் போட்டிருக்கிறது. படம் போட்டவனைக் கூட்டிவந்து என் வீட்டில் குனியவிட வேண்டும். முதுகு போய்விட்டது. விரலில் இரண்டு வெட்டு.

மைதிலி எட்டிப் பார்த்து டெனிஷில், "என் அறை சிப்ஸ் பக்கற்றுக்குள்ளே மாதிரி இருக்கு." பதினாறு வயது. அதோடு கதவைச் சாத்திவிட்டாள்.

நான்காவது, ஹோல். அங்கேதான் தகராறு. போன் வயர் அந்த ரேடியேற்றருக்குப் பின்னால்தான் சுவருக்குள் போகிறது. பிளக்கைக் கழற்றாமல் தகடு ஏறாது.

"அந்த வயரிலை கை வைச்சியளெண்டால் பிறகு மனிசியைக் காணமாட்டியள்!"

ரஞ்சன் கோல் எடுப்பான் என்று இருக்கிறாள். அவளின் ஒரே தம்பி. மனைவி, இரண்டு பிள்ளைகளோடு சண்டை நடக்கும் வன்னிக்குள் அகப்பட்டிருக்கிறான். கடைசியாக எடுத்தது தைப்பொங்கலுக்கு முதல். அவனுக்கு மனப்பாடம் இந்த ஒரு நம்பர்தான். வந்த நாள் முதல் மாற்றாத நம்பர். கைபேசி நம்பர் அவனிடம் இல்லை. அதனால் வீட்டுச் சட்டம்: இந்தப் போனில் யாரும் வெளியே எடுக்கக்கூடாது. ரிசீவரைத் தொடவே கூடாது. லைன் பிஸியாக இருந்த நேரம் பார்த்து அவன் எடுத்தால்?

மருத்துவ லீவில் நிற்கிறாள். காலையிலிருந்து போனடிக் கதிரைதான். வெளிச்சுவர்ப் பக்கம், வீட்டிலேயே ஆகக் குளிரான மூலை. நான் அவளுக்காகத்தானே தகடு வாங்கினேன். சொன்னால் கேட்கிற ஆளா.

மார்ச் 24, செவ்வாய்

மழை. ரிவி. ஊர்ச் சண்டையின் அதே படங்கள். வசந்தி ஒவ்வொரு முகமாகத் தேடுகிறாள். எனக்கு எரிச்சல். ரிவியிலா, அவளிலா, என்னிலா, தெரியாது. நான்காவது தகடு சோபாவுக்குப் பின்னால் நிற்கிறது. போகும்போதும் வரும்போதும் காலில் தட்டுகிறது.

உளுந்து வாங்கினேன்.

மார்ச் 28, சனி

வசந்தி கோயிலுக்கு. கூட்டுப் பிரார்த்தனை. மைதிலியையும் இழுத்துக்கொண்டு போனாள். என்னைப் போனடியில் காவலுக்கு வைத்தாள்.

"கக்கூசுக்கும் போகாதேங்கோ."

பூட்டின கதவைப் பார்த்தேன். தகட்டைப் பார்த்தேன். இருபது நிமிட வேலை.

செய்தேன். பிளக்குக்கு அளவாக ஓட்டை வெட்டி, தகட்டைச் செருகி, பிளக்கைத் திரும்பச் செருகும்போது கார்ச் சத்தம். வசந்தி உள்ளே வந்து தகட்டைப் பார்த்தாள். "ஆரும் எடுத்தவையே?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன்.

மார்ச் 29, ஞாயிறு

நேரம் மாறியது. இனி ஊருக்கும் எங்களுக்கும் மூன்றரை மணித்தியாலம். வசந்தி சுவர்க் கடிகாரம் இரண்டுக்கும் தானே முள் திருப்பினாள்.

ஹோல் 22 பாகை! குமிழ் மூன்றில்தான். தொப்பியைக் கழற்றிவிட்டாள். "சூடாத்தான் கிடக்கு" என்றாள். இந்த வருடம் என் காதில் விழுந்த முதல் நல்ல சொல்.

மார்ச் 31, செவ்வாய்

மைதிலி பல் வைத்தியரிடம் போய்விட்டுச் சினத்தோடு வந்தாள். கைபேசியில் சார்ஜ் இல்லையாம், அங்கேயிருந்த போனில் வீட்டுக்கு எடுத்தாளாம், கூட்டிப்போக வரச்சொல்ல. டெனிஷில் கத்தல்: "நான்கு தரம் எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. ஏன் எடுக்கவில்லை?"

வசந்தி, "நான் இதிலைதானே இருந்தனான். அடிக்கேல்லையே. பிழையான நம்பரை அமத்தியிருப்பாய், போ." பிட்டு அவிக்கக் குசினிக்குப் போனாள்.

குனிந்து ரேடியேற்றருக்குப் பின்னால் கையை விட்டேன். தகட்டின் தடிப்பு. பிளக் அரைவாசிதான் உள்ளே.

சனி. ஞாயிறு. திங்கள். செவ்வாய். நான்கு நாள் செத்த போனுக்குப் பக்கத்தில் அவளை இருத்தி வைத்திருக்கிறேன், சூடாக. யார் எடுத்தார்கள், எடுக்கவில்லை, எதுவும் காட்டாத பழைய போன். நாசமாய்ப் போக என் தகடும் நானும்.

தகட்டைப் பிய்த்து எறிந்தேன். பிளக்கை இறுக்கிச் செருகினேன். வேலை செய்கிறதா? மணி அடித்துப் பார்க்கவேண்டும். பின்பக்கத்துக்கு ஓடினேன், சுவரோடு நின்று கைபேசியில் வீட்டு நம்பரை அமத்தினேன். ஒரு தரம் அடித்ததும் வைத்துவிடலாம் என்று நினைப்பு. சுவருக்குள்ளால் மணி கேட்டது. அதோடு அவள் காலடியும். வைக்க முதல் எடுத்துவிட்டாள்.

"தம்பி? ரஞ்சன்! அக்கா கதைக்கிறன். கதையடா, ராசா!"

ஓடிவந்ததில் எனக்கு மூச்சு வாங்குகிறது. கட் பண்ணினேன்.

உள்ளே போனேன். வசந்தியின் கை முழுக்க மா. முகம் பார்க்க ஏலாது, அப்படி ஒரு சிரிப்பு. "அவன்தான். லைன் கட்டாயிட்டுது. மூச்சுச் சத்தம் கேட்டதப்பா. உயிரோடை இருக்கிறான்." மைதிலியைக் கட்டிப்பிடித்துச் சொன்னாள். கிழமைக்கணக்கில் பச்சைத் தண்ணியோடு இருந்தவள், இரண்டு தரம் பிட்டுப் போட்டுச் சாப்பிட்டாள். குசினி ஜன்னலைத் தானே மூடினாள்.

சொல்லத்தான் வேண்டும். போன் செத்துக் கிடந்ததையும் சொல்லவேண்டும். சொன்னால் அந்த மூச்சும் போய்விடும்.

பாத்திரம் கழுவும்போது கேட்டாள், "ஓடிவந்தால் அவன் எப்பிடி மூச்சு வாங்குவான் எண்டு உங்களுக்கும் தெரியும்தானே?"

ஓம் என்றேன்.