மொய்ரா நிறுத்திய மெஷின்

செவன் ஹில்ஸ், சிட்னி
12 மார்ச் 1975

அன்புள்ள விக்னராஜா அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் வலி குறைந்தது அறிந்து ஆறுதல். இங்கே நாங்கள் சுகம். ஆனால் எனக்கு இப்போது வேலை இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"அந்த ஐரிஷ்காரியோடு சேராதே, வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்" என்று எழுதியிருந்தீர்கள். மொய்ரா யாரென்று தெரியாமல் எழுதிவிட்டீர்கள். பெல்பாஸ்டில் பதினான்கு வயதில் நூலாலைக்குப் போனவள். அங்கே வேலைநிறுத்தம் நடத்தியதால் பிறகு எந்த ஆலையும் அவளைச் சேர்க்கவில்லை. கப்பலேறி இங்கு வந்தும் அடங்கவில்லை. பழங்களை ரின்களில் அடைக்கும் எங்கள் தொழிற்சாலையில் யூனியன் பிரதிநிதி அவள்தான். சாப்பாட்டு நேரத்தில் பழப்பெட்டி மேல் ஏறிப் பேசுவாள். அவளுடைய ஆங்கிலம் எனக்கே பாதிதான் விளங்கும். ஆனாலும் கிரேக்கப் பெண்கள்கூடச் சாப்பாட்டை வைத்துவிட்டுக் கேட்பார்கள்.

சென்ற மாதம் மூடி அடிக்கும் மெஷின் சோஃபியா என்பவளின் இரண்டு விரல்களை எடுத்துவிட்டது. அதன் காப்புத் தகடு உடைந்திருப்பதை மொய்ரா பலமுறை முறையிட்டிருந்தாள். இரத்தத்தைக் கழுவிய கையோடு மெஷினைத் திரும்ப ஓட்டச் சொன்னார்கள். மொய்ரா சுவிட்சை நிறுத்திவிட்டு, அதன் முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். இனி விரல் வேண்டுமென்றால் முதலில் என்னுடையதை எடுங்கள் என்றாள். தகட்டை உடைத்ததே அவள்தான் என்று பழி சுமத்தி, அவளை வேலையால் நிறுத்தினார்கள்.

மனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவள் உடைத்ததைக் கண்டதாகச் சொல், உன்னைச் சூப்பர்வைசர் ஆக்குகிறேன் என்றார். உங்களைக் குடும்பத்தோடு இங்கு எடுப்பதற்காக, எனக்கு வேலை இருப்பதற்கான அத்தாட்சியை அவரிடம்தான் கேட்டிருந்தேன். அண்ணன் வரவேண்டும் அல்லவா என்று சிரித்தார்.

உங்கள் பிள்ளைகள் இருவரின் முகமும் கண்ணுக்குள் வந்தது, அண்ணா. ஆனாலும் கம்பனி வைத்த விசாரணையில், தகடு முன்பே உடைந்திருந்தது, நான் கண்டேன் என்றுதான் சொன்னேன். அன்றே என்னையும் வெளியே அனுப்பினார்கள்.

"அண்ணையின்ர விசயத்தை யோசிச்சனீரோ?" என்று வீட்டில் இவர் கத்தினார். அடுத்த நாள் பெண்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுத் தொழிற்சாலை வாசலில் கூடியபோது, சோற்றுப் பார்சல்களோடு வந்து நின்றவரும் இவர்தான்.

நேற்றுக் கம்பனி இறங்கி வந்தது. புதுத் தகடு போடுவார்களாம், மொய்ராவையும் திரும்ப வேலைக்கு எடுப்பார்களாம், என்னை மட்டும் எடுக்கமாட்டார்களாம். "ராஜி உள்ளே வராமல் நானும் வரமாட்டேன்" என்று மொய்ரா சொல்லிவிட்டாள். ஒருத்தியும் உள்ளே போகவில்லை. நாளைக்கும் வாசலில்தான் நிற்போம்.

நீங்கள் வருவது தள்ளிப்போகும். அது என்னால்தான். ஆனால் பொய் சொல்லி உங்களை எடுத்திருந்தால், விமான நிலையத்தில் உங்கள் முகத்தை என்னால் பார்த்திருக்க முடியாது. மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை.

அண்ணியிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். எவ்வளவு கோபமென்றாலும் எழுதுங்கள் அண்ணா, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

என்றும் உங்கள் தங்கை,
இராஜேஸ்வரி