உன் பூச்சு பூசிய கட்டில்

ஜூன் 6

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

நலமா என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. போனில் பேசினால் உன்னைக் கன்னாபின்னாவென்று திட்டிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். உன் அத்தானுக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் அறுவை செய்து மூட்டு மாற்றிய முழங்கால் சீழ் பிடித்துவிட்டது. தையல் நன்றாகத்தான் ஆறிக்கொண்டிருந்தது. நேற்று காலை கட்டைப் பிரித்தவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இத்தனை வருஷ நர்ஸ் வேலையில் எவ்வளவு புண் பார்த்திருப்பேன்! கட்டிய புருஷன் காலைப் பார்த்து ஆடிப்போய்விட்டேன்.

அதைவிடப் பெரிய இடி இன்று விழுந்தது. பரிசோதனைக்கூடத்துப் பெண் அவருடைய கட்டில் கம்பியைப் பஞ்சால் தொட்டு எடுத்துப் பார்த்திருக்கிறாள். புண்ணில் இருக்கும் அதே கிருமி கம்பியிலும் மொய்க்கிறதாம். உன் பாலிமர் பூச்சு பூசிய கம்பிடா! வந்து ஒட்டுகிற கிருமியைத் தானாகவே கொன்றுவிடும் என்று நீ அளந்ததை நம்பித்தானே எங்கள் வார்டு முழுக்கப் பூசினார்கள்? அத்தானும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இது எம் மச்சான் கண்டுபுடிச்ச பெயின்ட்டுங்க, ஒரு கிருமி அண்டாது" என்று பீற்றிக்கொண்டே அந்தக் கம்பியைப் பிடித்து எழுந்தார். அரிக்கிறது என்று அதே கையால் கட்டுக்குள் விரல் விட்டுச் சொறிந்தார்.

எல்லாக் கட்டிலிலும் பூச்சைச் சுரண்டி எடுக்கப் போவதாகப் பெரிய டாக்டர் குதிக்கிறார். என்ன பதில் சொல்லப் போகிறாய்?

உன் அக்கா

ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

தலையில் கல்லைத் தூக்கிப் போட்டது போல இருக்கிறது. அத்தான் காலைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? முதலில் அதை எழுது. எங்கள் கம்பெனி ஆட்கள் நாளை வந்து எல்லாக் கட்டிலையும் சோதிப்பார்கள். அதுவரை சுரண்ட வேண்டாம் என்று பெரிய டாக்டரிடம் கேட்டுக்கொள்.

கோபப்படாமல் ஒன்று சொல். அந்தக் கம்பியை யார் துடைத்தார்கள், எதால் துடைத்தார்கள்?

கலங்கிப்போயிருக்கும்,
சோடாபுட்டி

ஜூன் 10

அடேய்,

கோபப்படாமலா? நன்றாக இருக்கிறது நியாயம்! நான்தான் துடைத்தேன். மற்ற கட்டில்களைத் துப்புரவுப் பெண்கள் குழாய்த் தண்ணீரில் துணியை நனைத்து இழுத்துவிட்டுப் போகிறார்கள். என் புருஷன் கட்டிலை அப்படி விடுவேனா? எலக்ட்ரிக் கெட்டிலில் வெந்நீர் போட்டு, கை பொறுக்கிற சூட்டில், காலையிலும் மாலையிலும் நானே துடைத்தேன். தம்பி பூச்சு என்று அதற்கு ராஜ மரியாதை செய்தேன். இதில் என்ன குற்றம் கண்டாய்?

உள்ளே வைத்த செயற்கை மூட்டை வெளியே எடுக்க வேண்டுமாம். அதற்கும் சீழ் அடங்காவிட்டால் காலையே எடுக்க வேண்டிவருமாம். அவருக்கு இன்னும் தெரியாது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கா

ஜூன் 13

என் அக்காவுக்கு,

யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இதைப் படி.

மற்ற கட்டில்கள் எல்லாம் சுத்தம். அத்தான் கட்டில் மட்டும்தான் கெட்டுக் கிடக்கிறது. என் கண்ணையே நம்ப முடியாமல் மறுபடியும் சோதிக்கச் சொன்னேன். அதே முடிவுதான்.

அந்தப் பூச்சு குளிர்ந்த தண்ணீர் பட்டால்தான் வீங்கும், வீங்கினால்தான் செத்த கிருமிகள் வழுக்கி விழும். சூடு பட்டால் சுருங்கி இறுகிவிடும். செத்ததெல்லாம் மேலேயே படியும், அதன்மேல் புதுசு புதுசாக வந்து வளரும். பூச்சு பூசியதும் உங்கள் வார்டுக்கு நான் நடத்திய பயிற்சியன்று இதை எல்லோரிடமும் சொன்னேன். நீ அன்றைக்கு ஒரு நோயாளியை விட்டு நகர முடியாமல் வார்டிலேயே இருந்துவிட்டாய். உன்னைத் தேடி வந்து சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். பூச்சிலேயே கோளாறு என்று பெரிய டாக்டருக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறேன். சுரண்டினால் சுரண்டட்டும், என் வேலை போனால் போகட்டும். அத்தானுக்கு எதுவும் தெரிய வேண்டாம். நீ காலமெல்லாம் அவர் முகத்தில் விழிக்க வேண்டியவள்.

தம்பி

ஜூன் 16

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஐயோ, என் கையா? விழுந்து விழுந்து துடைத்த என் கையாலா அவருக்கு இந்தக் கதி?

நீ எதையும் எழுதிக் கொடுக்காதே. பூச்சைச் சுரண்டிவிட்டால் மற்ற கட்டில்களில் படுத்திருக்கிறவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? நானே போய்ப் பெரிய டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பூச்சு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். விசாரணை முடிகிறவரை எனக்கு வார்டில் வேலை இல்லை.

அப்புறம் அத்தானிடமும் சொன்னேன். திட்டித் தீர்ப்பார் என்றுதான் நினைத்தேன். அவரோ பக்கத்தில் நின்ற சின்ன நர்ஸைக் கூப்பிட்டு, "இனிமே என் கட்டை நீயே பிரிம்மா. இவ கை படவேணாம்" என்றார்.

நேற்று அந்தச் செயற்கை மூட்டை வெளியே எடுத்தார்கள். கால் தப்பிவிட்டது. மயக்கம் தெளிந்ததும் அந்தச் சின்ன நர்ஸைத்தான் கேட்டார். நான் வார்டின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் இருக்கிறேன். நீ கிளம்பி வந்து கொஞ்ச நேரம் என் பக்கத்தில் உட்காருடா.

உன் அக்கா