மாடி வீட்டு வரி

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் குப்பை வண்டிக்காகக் கதவைத் திறந்தால் இடுக்கில் ஒரு நீள உறை. நகராட்சி முத்திரை. எங்கள் பகுதியை நகராட்சியோடு சேர்த்து எட்டு மாதம் ஆகிறது. குழாயில் தண்ணீர் இன்னும் ஒழுங்காக வரவில்லை, வரி மட்டும் நேரத்துக்கு வந்துவிட்டது. போன வருடத்தைப் போல மூன்று மடங்கு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். மூன்று மடங்கேதான். இரண்டு மாத ஓய்வூதியம் அப்படியே போய்விடும்.

இப்படி ஒரு தாள் வந்தால் யாரிடமாவது காட்டித் திட்ட வேண்டும். பீரோவைப் பார்த்துத் திட்டினேன். அது பாட்டுக்கு நின்றது.

பிப்ரவரி 6, வியாழன்

உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. தெருவின் அகலத்தைப் பொறுத்துச் சதுர அடிக்கு ஒரு கணக்கு. எதிரே காலி மனையெல்லாம் அடுக்குமாடி ஆனதும் தெருவை அகலப்படுத்தினார்களே, அதில் நாங்கள் வரி அதிகமான முதல் மண்டலத்துக்குப் போய்விட்டோம். சொந்தக்காரரே குடியிருந்தால் சலுகை. தனி வாசலும் தனிச் சமையலறையும் இருந்தால் அது தனி வீடு. அதில் வேறு குடும்பம் இருந்தால் முழு வரி, காலியாக இருந்தால் பாதி.

என் தாளில் இருப்பது இது: கீழ்த்தளம் ஒருவர். மேல்தளம் மூவர்.

அந்த மூவர் எங்கிருந்து வந்தார்கள் என்று நகராட்சியைத் திட்டிக்கொண்டே படிவத்தின் நகலைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்து. போன ஜூனில் வீட்டுக்கு வீடு கொடுத்த படிவம், நானே நிரப்பியது. தங்கை, அவள் வீட்டுக்காரர், பாப்பா. மாப்பிள்ளைக்கு வேலை மாற்றல் வந்து அவர்கள் போய் அப்போதே இரண்டு வருடம் தாண்டியிருந்தது.

ஏன் அப்படி எழுதினேன்? பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. அந்தக் கட்டத்தில் சுழியம் போடக் கை வரவில்லை. "ரெண்டே வருஷம்க்கா, கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடுவோம்" என்றுதானே சொல்லிவிட்டுப் போனாள். ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். ஒரு இரத்த மாதிரிக் குப்பியில்கூடப் பெயர்ச்சீட்டு மாறியதில்லை. அவ்வளவு கறார் பேர்வழி செய்த வேலை இது.

பிப்ரவரி 11, செவ்வாய்

வரி அலுவலகம். புதுக் கட்டடம், பழைய வரிசை. மூன்று மணி நேரம் நின்றேன். முன்னால் நின்றவர் தன் மாட்டுக்கொட்டகை போல இருந்த கார் கொட்டகைக்கும் வரி போட்டுவிட்டார்கள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவரோடு அவர் மனைவி, மகன், மருமகள். ஒரு வரி கட்ட நாலு பேர்.

கவுண்டர் பெண் நல்ல மாதிரி. "அவங்க இல்லைன்னா ஏன் மேடம் இருக்காங்கன்னு எழுதுனீங்க?" என்றாள்.

"வந்துடுவாங்கன்னு எழுதிட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. அதற்காகவே அவளைப் பிடித்துப்போயிற்று. ஆட்சேபணை மனு ஒன்று கொடுத்தாள். ஆய்வாளர் வந்து மாடியைப் பார்ப்பார், காலி என்று எழுதினால் பாதி குறையும் என்றாள். அங்கேயே நின்று நிரப்பிக் கொடுத்தேன். இந்தத் தடவை சுழியம் போட்டேன்.

பிப்ரவரி 20

ஆய்வாளர் வரவில்லை. மாடியைப் பெருக்கித் துடைத்தேன்.

மார்ச் 3, திங்கள்

வந்தார். கையில் அளவு நாடா, தோளில் பை, ஓயாத இருமல். கீழே ஐந்தே நிமிடம். மாடிக்கு நானே சாவி எடுத்துக்கொண்டு போனேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, யாரோ வந்து பார்க்கிறார்களே என்று.

கட்டிலில் சலவை விரிப்பு. பாப்பாவின் மேசையில் பென்சில் டப்பா. அவர் சமையலறைக்குள் போனார், குழாயைத் திறந்தார், அடுப்பின் குமிழைத் திருகினார். குப்பென்று பிடித்துக்கொண்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட வித்தியாசம் இல்லை.

"காலின்னு மனு குடுத்திருக்கீங்க."

"காலிதாங்க."

"அம்மா, நான் இருபது வருஷமா வீடு பாக்கறேன். காலி வீட்ல அடுப்பு இப்படிப் பத்தாது. தூசி இல்ல, ஒட்டடை இல்ல. மின்சார ரீடிங் வேற மாசாமாசம் ஓடியிருக்கு. சிங்க்ல ஈர டம்ளர் இருக்கு."

அந்த டம்ளர் என்னுடையது. தினம் சாயங்காலம் மேலே போய் ஜன்னல்களைத் திறப்பேன், விசிறியைப் போடுவேன், மெத்தை பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க. குழாய் துருப்பிடிக்காமல் இருக்கத் தண்ணீரைத் திறந்துவிடுவேன். அப்படியே ஒரு தேநீர் போட்டு அங்கேயே குடிப்பேன். இதை எப்படிச் சொல்வது ஒரு அரசாங்க ஆளிடம்?

சொல்லிவிட்டேன். "நான்தாங்க குடிச்சேன்."

"கீழ அடுப்பு இருக்கே?"

"இருக்கு."

அவர் கொஞ்ச நேரம் இருமினார். நிஜமாக வந்த இருமலா, தெரியவில்லை. பிறகு, "நான் நம்பறேன்மா. ஆனா நான் நம்பினத எழுத முடியாதே. அவங்க வேற எங்கயோ குடியிருக்காங்கன்னு ஒரு காகிதம் குடுங்க. வாடகை ஒப்பந்தம் இருந்தாப் போதும். வெள்ளிக்கிழமைக்குள்ள" என்றார்.

வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்து, "வீட்ட நல்லா வச்சிருக்கீங்க" என்றார். கோபப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

தங்கைக்குப் போன் போட்டேன். ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு, வரி விஷயம் சொல்லி, "உன் வாடகை ஒப்பந்தத்த ஒரு போட்டோ எடுத்து அனுப்புடி" என்றேன்.

லைன் போய்விட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன்.

"இருக்கேன்க்கா. அனுப்பறேன்" என்றாள். பாப்பாவைப் பேசச் சொல் என்றேன், டியூஷன் போயிருக்கிறாள் என்றாள்.

மார்ச் 5, புதன்

ஒப்பந்தம் வரவில்லை. வந்தது ஒரு வரி ரசீது. வீட்டு வரி ரசீது. தங்கை பேரும் மாப்பிள்ளை பேரும் சேர்ந்து இருக்கிறது. சொந்தக் குடியிருப்பு. குடியிருப்போர் மூவர்.

பதிவான தேதியைப் பார்த்தேன். ஒன்றரை வருடம் ஆகிறது. அதாவது நான் இங்கே மூவர் என்று எழுதியபோது, அவள் அங்கே எழுதி முடித்துவிட்டிருந்தாள். அவள் எழுதியது சரி.

ஒன்றரை வருஷம்! ஒரு வார்த்தை சொன்னா என்ன? நான் என்ன, கடிச்சா தின்னுடுவேன்? மாசம் ரெண்டு தடவ பேசறோம். தலைவலின்னு சொல்றா, மழைன்னு சொல்றா. வீடு வாங்கினத சொல்ல வாய் வரலயா? பால் காய்ச்சினப்ப கூப்பிட்டிருந்தா ஓடிப் போயிருப்பேனே, கையில ஏதாவது வாங்கிட்டு —

இல்லை. எழுதினால் அழுகை வருகிறது. நிறுத்துகிறேன்.

மார்ச் 6, வியாழன்

அவளே கூப்பிட்டாள்.

"ஒவ்வொரு தடவையும் சொல்லலாம்னுதான் போன் எடுப்பேன். நீ எடுத்ததும் மாடியப் பெருக்கினேன், பாப்பா மேசையத் துடைச்சேன்னு ஆரம்பிப்ப. அதக் கேட்டுட்டு எப்படிக்கா சொல்றது?"

"அப்ப என் மேல தப்புங்கற."

"ஐயோ, அப்படிச் சொல்லல."

"நானும் அப்படிச் சொல்லல. சும்மா கேட்டேன்" என்றேன். அவள் அழுதாள். சின்ன வயதிலிருந்தே முந்திக்கொண்டு அழுதுவிடுவாள், பிறகு நான்தான் சமாதானப்படுத்த வேண்டும். இன்றைக்கும் அதுவே நடந்தது. மேலே இருக்கும் சாமானை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள்.

நாளை வெள்ளி. ரசீதைக் கொடுத்தால் வரி குறையும். கொடுக்காவிட்டால் மாடியில் மூன்று பேர் இருப்பார்கள், தாளிலாவது. அதற்கு இரண்டு மாத ஓய்வூதியம். கேட்பதற்கே பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது. ஆனால் இன்று பகல் முழுக்க அதையேதான் யோசித்தேன்.

மார்ச் 7, வெள்ளி

கொடுத்துவிட்டேன். கவுண்டர் பெண் ரசீதைப் பார்த்ததும், "இது போதும் மேடம், ரொம்ப நல்ல ஆதாரம்" என்றாள். ஆமாம் என்றேன். வெளியே வந்து மரத்தடிப் பெஞ்சில் பேருந்து இரண்டை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

கட்டில், மேசை இரண்டையும் பழைய சாமான் வண்டிக்காரர் எடுத்துக்கொண்டு போனார். மாடிப்படியில் கட்டிலைத் திருப்பத் தெரியாமல் சுவரில் இடித்துவிட்டார். திட்டினேன். அவ்வளவு திட்டியிருக்க வேண்டாம்.

ஏப்ரல் 2

நாள் பூராவும் வாயைத் திறக்கவில்லை. பால் பாக்கெட் போடுகிறவரிடம் "ம்" என்றதைத் தவிர.

ஏப்ரல் 17, வியாழன்

திருத்திய உத்தரவு வந்துவிட்டது. கீழ்த்தளம்: உரிமையாளர், ஒருவர். மேல்தளம்: காலி. மாடிக்குப் பாதி வரி. பழக்கதோஷத்தில் கதவு எண், பரப்பளவு, என் பெயரின் முதலெழுத்து எல்லாவற்றையும் விரலை வைத்துச் சரிபார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. தனியாளாக நின்று ஜெயித்திருக்கிறேன், யாராவது சபாஷ் சொல்ல வேண்டும். தங்கைக்கு ஒரு படம் அனுப்பினேன். கைதட்டும் பொம்மை ஒன்று பதிலாக வந்தது.

மே 4, ஞாயிறு

மாடியை வாடகைக்குக் கேட்டு ஆள் வந்தார்கள். மளிகைக் கடைக்காரரிடம் சொல்லி வைத்திருந்தேன், அவர் அனுப்பியிருக்கிறார். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண், அவளுடைய அப்பா. அவருக்குக் காது மந்தம். அதனால் இரண்டு பேரும் கத்திக் கத்திப் பேசுகிறார்கள். பேச ஆரம்பித்தால் தெருமுனை வரை கேட்கும்.

அந்தப் பெண் விவரமானவள். "குடி வச்சா உங்களுக்கு வரி கூடுமே ஆன்ட்டி, அத எங்க வாடகைல சேப்பீங்களா?" என்று கேட்டாள்.

"கூடும். முழுசா ஆயிடும். நானே போய் எழுதிக் குடுக்கணும். அத நான் பாத்துக்கறேன்."

"என்னம்மா சொல்றாங்க?" என்று அப்பா கத்தினார். "வரிய அவங்களே கட்டறாங்களாம்ப்பா!" என்று மகள் கத்தினாள். வெறும் அறையில் சத்தம் நாலு சுவரிலும் பட்டது.

மாதம் பிறந்து வரட்டும், சுண்ணாம்பு அடிக்க வேண்டும், முன்பணம் இவ்வளவு என்றெல்லாம் நேற்றே மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவள் "எப்ப வரலாம் ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"நாளைக்கே வாங்களேன்" என்றேன்.

அவர்கள் தெருமுனை திரும்பிய பிறகுதான் நினைவு வந்தது, வாடகை எவ்வளவு என்று நான் சொல்லவே இல்லை.