ரிவால்வருக்கு வைத்த சந்தனம்

மாமா,

இன்று ஆயுத பூஜைக்கு இருந்தவர்கள்: உங்கள் மகன், உங்கள் மகள் சுசீலா, எங்கள் பிள்ளை கார்த்திக், நான். பலகையில் அரிவாள்மணை, சுத்தியல், ஸ்கூட்டர் சாவி. நடுவில் உங்கள் ரிவால்வரின் காலித் தோலுறை. கற்பூரம் ஏற்றியும் அந்தத் துப்பாக்கி எண்ணெய் நாற்றம் அடங்கவில்லை. நானே முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன். அம்பாளுக்கு எப்படி இருந்திருக்கும்?

"துப்பாக்கிதான் தாத்தா போனதுலேர்ந்து போலீஸ் ஸ்டேஷன்ல டெபாசிட்ல கிடக்கு, உறையாவது இருக்கட்டும்மா," என்றான் கார்த்திக்.

"அப்பா இருந்தா இதுக்குத்தான் மொத பூ," என்றாள் சுசீலா.

பூவோடு நிறுத்துவீர்களா? அதன் சரித்திரமும் சொல்வீர்கள். கொள்ளைக்காரர்களின் கார் கதவைப் பழைய குண்டு துளைக்கவில்லை என்று, அமெரிக்காவில் முப்பதுகளில் தோட்டாவை நீட்டி மருந்தைக் கூட்டினார்களாம், அதுதான் மேக்னமாம். முதலில் ரவிக்கைக்கு அளவு கேட்பதுபோல் குழல் நீளம் கேட்டு ஆளுக்கொன்று செய்தார்களாம். பிறகு போலீசுக்குப் பளபளப்பைக் குறைத்து மலிவாக ஒன்று, இடுப்பில் கனக்காமல் ஒன்று, துருப்பிடிக்காத எஃகில் ஒன்று. பாயசம் ஆறிப் போகும்.

"எத்தனை வகை பார்த்தியாம்மா!" என்பீர்கள்.

"எல்லா வகையும் ஒரே வேலைக்குத்தானே மாமா?"

காது கேட்காதவர்போல் குழலைத் துடைப்பீர்கள்.

ஒரு வருஷம் எல்லா ஆயுதத்துக்கும் வைத்ததுபோல் அதற்கும் சந்தனப் பொட்டு வைத்தேன். யாரும் துடைக்கவில்லை. பொட்டு இருந்த இடத்தில் துரு. "ஈரச் சந்தனத்தை வெச்சிட்டியே, துருப் பிடிக்காம காக்கற நீலப் பூச்சு போச்சே!" என்று அழுதீர்கள். அத்தை போனபோதுகூட உங்கள் கண் கலங்கி நான் பார்க்கவில்லை. அன்று உங்களுக்குச் சாதம் போடவே எனக்குக் கை கூசியது.

கை கழுவிவிட்டு வந்து, என்னிடம் மட்டும் சொன்னீர்கள்: "இத்தனை வருஷத்துல ஒரு தடவ கூட சுட்டதில்லம்மா. சுட வேண்டி வந்துடுமோன்னு தூக்கம்தான் போச்சு. யார்கிட்டயும் சொல்லிடாதே."

சொல்லவில்லை. இப்போது கார்த்திக் லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுக்கப் போகிறான். "தாத்தா ஞாபகம்மா" என்கிறான். ஞாபகத்துக்கு உங்கள் மூக்குக்கண்ணாடி இல்லையா, கைத்தடி இல்லையா? அவனும் இப்போது குழல் நீளங்களை ஒப்பிக்கிறான், அதே குரலில். கேட்கவே அருவருப்பாக இருக்கிறது. நான் சொன்னால், "உனக்கு என்னம்மா தெரியும்" என்பான். நீங்கள் சொன்னது என்றால் கேட்பான்.

உறையை எடுத்து வைத்துவிட்டுப் புளி போட்டுக் கை தேய்த்தேன். நாற்றம் போகவில்லை, தூக்கம் போச்சு என்று நீங்கள் சொன்ன அந்த வார்த்தையும் என்னை விட்டுப் போகவில்லை. அதை அவனிடம் சொல்லிவிடட்டுமா மாமா? சனிக்கிழமை உங்கள் மகன் வாரிசாகச் சம்மதக் கையெழுத்துப் போடுகிறார். கனவிலாவது வந்து, சீக்கிரம் ஒரு பதில் சொல்லுங்கள்.