ஒரு முறைதான் அடிக்க வேண்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறைவுமில்லாமல் இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அதில் பாதிதான் உண்மை, மீதியைக் கீழே எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும், எந்நேரமும் அதே நினைப்புதான். போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் என்றால் குரலை வைத்தே கண்டுபிடித்து நீ அழுதுவிடுவாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன்னைத் தேற்றிக்கொண்டிருப்பேன். எழுதினால் எதுவரை சொன்னேன் என்று மேலே பார்த்துக்கொள்ளலாம். அப்பா மூக்குக் கண்ணாடி வாங்கப் போயிருக்கிறார், அவர் வருவதற்குள் முடித்துவிட வேண்டும்.

எங்கள் ஆர்க்கெஸ்ட்ராவின் இந்த வருஷக் கச்சேரிகள் தொடங்கிவிட்டன. மொத்தம் ஏழு, நாலு மேல்நாட்டு சாஸ்திரிய இசை, மூன்று சினிமா இசை. முதல் கச்சேரி சினிமா. மேலே திரையில் படம் ஓடும், கீழே நாங்கள் வாசிப்போம். காதில் மாட்டிய ஹெட்போனில் டிக் டிக் என்று தாளம் வரும், முன்னால் ஒரு சின்னத் திரையில் எத்தனையாவது பார், அதாவது எத்தனையாவது தாளக்கட்டு, என்று எண் ஓடும், கைப்பிள்ளையைக் கூட்டிப் போவது மாதிரி கூட்டிப் போய்விடும். சிம்பல், முக்கோணக் கம்பி, சின்ன மணி எல்லாம் பிசகாமல் அடித்தேன். அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து படத்தைப் பார்த்து அழுதார், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், இருபத்தெட்டு வருஷமா ஜால்ரா அடிச்சும் பெரிய பதவிக்கு வராத ஒரே ஆள் நீதான்டி என்று வழக்கமான கிண்டல். இரண்டாவது கச்சேரிக்கு ஒரு பெரிய சிம்பொனி. ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும், அதில் எனக்கு ஒரே ஒரு அடிதான். இரண்டாம் பகுதியில் எல்லா வாத்தியமும் ஏறி ஏறி உச்சிக்கு வரும்போது சிம்பலின் இரண்டு பித்தளைத் தட்டையும் ஒரு முறை மோத வேண்டும், அதோடு என் வேலை முடிந்தது. இதற்கு ஹெட்போனும் கிடையாது, எண் ஓடுகிற திரையும் கிடையாது. நாலு தாள எண்ணிக்கை சேர்ந்தால் ஒரு பார், நூற்று அறுபத்தெட்டு பார் சும்மா இருந்து மனசுக்குள்ளேயே எண்ண வேண்டும். எண்ணுவதில் எனக்குப் பயமில்லை பாப்பா, நீ வயிற்றுக்குள்ளிருந்து உதைக்க உதைக்க ஒரு பார் விடாமல் எண்ணியவள் நான்.

ஒத்திகையிலும் எண்ணிக்கை தப்பவில்லை. சரியான இடத்தில் எழுந்து சரியாக அடித்தேனாம், குச்சி பிடித்து நடத்துகிறவர் தலையைக்கூட ஆட்டினாராம், தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தேனாம். எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் எண்ணிக்கொண்டே இருந்தேன், இடம் வந்தது, எழுந்து அடித்தேன். பார்த்தால் ஒரு புல்லாங்குழல் மட்டும் மெல்லிசாக வாசித்துக்கொண்டிருக்கிறது, அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்க்கிறார்கள். அது இரண்டாவது அடி. முதல் அடி அடித்து முழுசாக ஒரு நிமிஷம் ஆகியிருந்தது. நடத்துகிறவர், ஒண்ணு போதும்மா, மிச்சத்த அடுத்த கச்சேரிக்கு வச்சுக்குங்க என்றார், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எனக்குப் பக்கத்தில் பெரிய முரசு வாசிக்கிற தம்பி மட்டும் சிரிக்கவில்லை. இடைவேளையில் வந்து, என்னக்கா ஆச்சு என்று கேட்டான். நோட்ஸ்ல பக்கம் மாறிப் போச்சுப்பா என்று பொய் சொன்னேன். எனக்கு அதில் இருப்பதே ஒரு பக்கம்தான், அது அவனுக்கும் தெரியும். அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்று எல்லோரும்தான் மறக்கிறார்கள், வயசாகிறது என்று என்னை நானே சமாதானம் செய்து பார்த்தேன். ஆனால் அந்த அடி அடித்தால் தோள்வரை அதிரும், காது அடைத்துப் போகும், அதுவே நினைவில் நிற்காவிட்டால் இனி எதுதான் நிற்கும்? போன வாரம் மாப்பிள்ளையின் வேலை மாற்றத்தைப் பற்றி ஒரே போனில் இரண்டு தரம் கேட்டேனாமே, அப்பா சொன்னார். நீ இரண்டு தரமும் பொறுமையாகப் பதில் சொன்னாயாம்.

கடைசியில் தம்பியிடம் உண்மையைச் சொன்னேன். அவன்தான், அடிச்சதும் தட்டு ரெண்டையும் எங்கிட்ட குடுத்துடுங்கக்கா, கையில தட்டு இல்லன்னா அடிச்சாச்சுன்னு வச்சுக்குங்க என்று வழி சொன்னான். சனிக்கிழமை கச்சேரி. எண்ணினேன், எழுந்தேன். அப்புறம் எனக்குத் தெரிந்தது, நான் உட்கார்ந்திருக்கிறேன், கை காலி, இடம் வரப்போகிறது, தட்டைக் காணோம். பதறித் திரும்பினால் தம்பியின் காலடியில் துணிமேல் கிடக்கிறது. எடுக்கக் கை நீட்டிவிட்டேன் பாப்பா. அவன் முரசு வாசித்துக்கொண்டிருந்தான், கையை எடுக்க முடியாது, காலால் துணியோடு அதைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். அடிச்சிட்டேனா என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டேன், தலையை ஆட்டினான், அவன் கண் கலங்கியிருந்தது. முடிந்ததும் நடத்துகிறவர் என்னைத் தனியாக எழுந்து நிற்கச் சொன்னார், அரங்கம் முழுக்கக் கைதட்டல், அப்பாவும் எழுந்து நின்று தட்டினார். எதற்கென்று தெரியாமலே குனிந்து வணங்கினேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. பன்னிரண்டாம் தேதி நரம்பு டாக்டரைப் பார்க்கப் போகிறேன், அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் வழியில் சொல்ல வேண்டும். அடுத்தது சினிமா இசை, ஹெட்போன் உண்டு, சமாளித்துவிடுவேன். அதற்கடுத்த சிம்பொனிக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று நானே சொல்லிவிடப் போகிறேன். ரொம்பப் பயமாக இருக்கிறது பாப்பா, சாவுக்குக்கூட நான் இவ்வளவு பயந்ததில்லை. அதற்காக நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடி வராதே. வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் சண்டை போடாதே, இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு வாழ வேண்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. இதே சேதியோடு என்னிடமிருந்து ஏற்கெனவே ஒரு கடிதம் வந்திருந்தால், எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று மறைக்க வேண்டாம். இது இரண்டாவது கடிதம்மா என்று சொல்லிவிடு.

என்றும் உன்,
அம்மா