பாட்டு முடிந்தால் பூசை முடியும்

அன்புள்ள அம்மா,

நம் வழக்கப்படி உங்கள் கையை மனதால் நெற்றியில் ஒற்றிக்கொண்டு மிலா எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? நான் கொரியாவில் நலம்.

ஞாயிறு பூசையில் ஒரு சின்னச் சலசலப்பு, பயப்படாதீர்கள். மாதா கோயில் வாசலில் விசா சோதிக்கும் அதிகாரிகள் இருவர் வந்து நின்றார்கள். எங்கள் பாடகர் குழுவில் கித்தார் வாசிக்கும் நெஸ்தோருக்கு விசா முடிந்து இரண்டு வருடமாகிறது. யூன் சாமியார் பூசை உடையோடு வாசலுக்கே போய், "பூசை முடியிற வரைக்கும் உள்ள வராதீங்க" என்றார். அவர்களும் தொப்பியைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார்கள்.

பாட்டு முடிந்தால் பூசை முடிந்துவிடும். அதனால் கடைசிப் பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடினோம். ஆறாவது தடவை நெஸ்தோரே நிறுத்திவிட்டான்.

"போதும் மிலா. தொண்டை கட்டிக்கிட்டா அடுத்த வாரம் யாரு பாடுறது?" என்று சிரித்தான். கித்தாரை என் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்கு நடந்தான்.

இனி நான்தான் வாசிக்க வேண்டும். தம்பியின் கித்தார் புத்தகத்தை அனுப்புங்கள். கொஞ்சம் கருவாடும். ஆலையில் வேலை மணி அடித்துவிட்டது.

நெஸ்தோரின் அம்மா நம் சந்தையில்தான் மீன் விற்கிறார். மகன் ஊருக்கு வருகிறான் என்று மட்டும் சொல்லுங்கள். ஏன் என்று அவனே சொல்லட்டும்.

உங்கள் மிலா