சாவி உன் தம்பியிடம் இருக்கிறது

மகனே,

நீ போனைப் பாதியில் வைத்துவிட்டதால், நான் சொல்லச் சொல்ல அடுத்த வீட்டு லொரெயின் எழுதுகிறாள். நான் திட்டுவதில் பாதியை எழுத மாட்டேன் என்கிறாள். அதையும் சேர்த்தே படித்துக்கொள்.

உன் ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணிக்கு வந்த வெளியூர்ப் பையன் கோல்ட்டனை என் வீட்டில் தங்கவைத்தாயே, அவன் நேற்று ஆட்டத்தில் தலையில் குத்து வாங்கி வந்து சமையலறைத் தொட்டியில் வாந்தியெடுத்தான். வெளிச்சம் பட்டால் கண்ணை மூடிக்கொள்கிறான். "கோச்தான் சண்டை போடச் சொன்னார் தாத்தா. தடுப்பாட்டக்காரன்கிட்ட பெரிய அணிக்காரங்க அதைத்தான் பாப்பாங்களாம்" என்கிறான்.

எதிராளியிடமிருந்து பக் வட்டைப் பறித்து, தலை நிமிர்ந்து பார்த்து, முதல் பாஸை நேராகக் கொடுக்கிறவன் அவன். உன் தம்பிக்குப் பிறகு நம் ஊரில் அப்படி ஒருத்தன் ஆடவில்லை. அவனையா கையுறையைக் கழற்றிவிட்டுக் குத்தச் சொன்னாய்?

"லேசான கிறுகிறுப்புப்பா, வெள்ளிக்கிழமை ஆடியே ஆகணும்" என்றாய். இதே வார்த்தையைத் தலையில் அடிபட்ட உன் தம்பிக்கும் ஒரு கோச் சொன்னான். அன்றைக்கு அந்த ஆளை அடிக்க ஓடியவன் நீ.

உன் தம்பி இன்று காலையும் ஜன்னலோரம் உட்கார்ந்து, "ஆட்டம் எத்தனை மணிக்குப்பா?" என்று கேட்டான். நான் படுக்கச் சொல்லியிருந்த கோல்ட்டன் எழுந்து வந்து, "இன்னைக்கு லீவுண்ணே" என்று சொல்லி அவனுக்குக் கஞ்சி ஊட்டினான்.

கோல்ட்டனின் ஸ்கேட்டை உறைபெட்டியில் மான்கறிக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டேன். வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள். சாவி உன் தம்பியிடம் இருக்கிறது. எதற்கென்று அவனிடம் சொல்லி வாங்கிக்கொள்.

உன் அப்பன்